அடங்காத சிறுநீர்ப்பை: போடாக்ஸ் ஊசியா, நரம்புத் தூண்டியா?

மாத்திரைக்கும் பயிற்சிக்கும் அடங்காமல், கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிறுநீர் கசிந்துவிடும் பெண்களுக்கு அடுத்ததாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிஸ்டோஸ்கோப் (சிறுநீர்ப்பைக்குள் பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவி) வழியாகச் சிறுநீர்ப்பைத் தசையில் போடும், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி. மற்றொன்று, பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கடியில் சிறு கருவியைப் பதித்து, மெல்லிய மின்கம்பியால், சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும், முதுகெலும்பின் அடிப்பகுதியிலுள்ள சாக்ரல் நரம்பைத் தூண்டுவது.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ரொசெட்டா ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதங்களில் அன்றாடக் கசிவு போடாக்ஸில் சராசரியாக 3.9 முறையும், தூண்டியில் 3.3 முறையும் குறைந்தது. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் கசிவு முற்றிலும் நின்றவர்கள் போடாக்ஸில் 20 சதவீதம், தூண்டியில் வெறும் 4. அப்புறம் மறுபக்கம்: சிறுநீர்த் தொற்று போடாக்ஸில் 35 சதவீதம், தூண்டியில் 11. ஊசி போட்டவர்களில் சிலர் கொஞ்ச காலம் தாங்களே வடிகுழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. இந்த ஆய்வில் போட்டது 200 யூனிட். வழக்கமான அளவு 100 என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது கசிவுக் குறைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. அடிக்கடி தொற்று வருபவர் என்றால் தூண்டியைத்தான் முதலில் யோசிப்பேன். உடலுக்குள் கருவி வேண்டாம், சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி பரவாயில்லை என்பவருக்குப் போடாக்ஸ் சரி. ஆனால் வடிகுழாய் செருகக் கை ஒத்துழைக்குமா என்பதை ஊசிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.