ஆபீஸ் வேலையிலிருந்து ராணுவ அதிகாரியாக: ஷார்ட் சர்வீஸ் கமிஷன் வழி எப்படி இருக்கிறது?

ஐ.டி. வேலையில் இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு, அப்ரைசல் முடிந்ததும் மனசு விட்டுப்போகிறவர்கள் அடுத்து யோசிப்பது பெரும்பாலும் எம்.பி.ஏ. அல்லது வெளிநாட்டில் எம்.எஸ். ராணுவத்தில் அதிகாரியாகச் சேரலாம் என்ற எண்ணம் வருவதற்குள் பலருக்கு வயது 25 ஆகிவிடுகிறது. அப்போதும் வழி இருக்கிறது: குறிப்பிட்ட வருடங்கள் மட்டும் அதிகாரியாகப் பணியாற்றும் ஷார்ட் சர்வீஸ் கமிஷன். அந்த வழியை, விண்ணப்பம் தொடங்கி பயிற்சி முடியும் வரை, ஒரு சேவையை எடைபோடுவது போல எடைபோட்டுப் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை, இந்த நாட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளிலேயே மிக நேர்மையான ஒன்று. வேலையில் இருப்பவருக்கு அதன் கால அட்டவணைதான் பெரிய தொல்லை. பத்து வருடம் கழித்து என்ன என்ற கேள்விக்கு மட்டும் சேருகிறவர்களில் பலர் பதில் தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

எந்த வாசல் உங்களுக்கு என்பதை வயதும் பட்டமும் முடிவு செய்கின்றன. எந்தப் பட்டமாக இருந்தாலும் படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு எழுதலாம். சென்னை பரங்கிமலையில் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஓ.டி.ஏ.வுக்கு வயது வரம்பு 19 முதல் 25 வரை, நிரந்தரப் பணி அதிகாரிகளுக்கான டேராடூன் ஐ.எம்.ஏ.வுக்கு 24தான். ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் என்றால் கணக்குத் தாள் கிடையாது. ஆங்கிலம் 120 கேள்வி, பொது அறிவு 120 கேள்வி, ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 100 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். பி.இ. படித்தவர்களுக்கு எஸ்.எஸ்.சி. டெக் என்ற தனி வாசல் உண்டு: வயது 20 முதல் 27, எழுத்துத் தேர்வே இல்லை, பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து நேராக எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். சட்டம் படித்தவர்களுக்கு ஜாக் என்ற ராணுவச் சட்டப் பிரிவு, அதற்கும் 27. என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் வைத்திருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாத இன்னொரு வாசல் இருக்கிறது, ஆனால் அங்கே வரம்பு 25. பெண்களுக்கும் இந்த ஷார்ட் சர்வீஸ் வாசல்கள் திறந்தே இருக்கின்றன. இடங்கள்தான் குறைவு. அண்மைக்கால சி.டி.எஸ். அறிவிப்புகளில் ஓ.டி.ஏ.வுக்கு ஆண்களுக்கு 200க்கு மேல் இடம் என்றால் பெண்களுக்கு 20ஐ ஒட்டித்தான். திருமணம் ஆகியிருக்கக் கூடாது, பயிற்சி முடியும் வரை செய்துகொள்ளவும் கூடாது. வீட்டில் ஜாதகம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் இதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் நம்மூர்க்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணியன்', பட்டச் சான்றிதழில் 'கார்த்திக் எஸ்' என்று இருந்தால் மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். பெயரும் பிறந்த தேதியும் அப்பா பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதாரைத் திருத்துவது சுலபம், பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்துவது நாள்பிடிக்கும் வேலை. எனவே விண்ணப்பம் திறப்பதற்குப் பல மாதம் முன்பே இதைச் சரிபாருங்கள்.

பி.இ. காரர்களுக்கு இன்னும் இரண்டு பள்ளம். அறிவிப்பில் பொறியியல் பிரிவுகளின் பட்டியல் இருக்கும். உங்கள் பட்டத்தில் அச்சாகியிருக்கும் பிரிவின் பெயர் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்க வேண்டும். 'கிட்டத்தட்ட அதே படிப்புதான்' என்ற விளக்கம் எடுபடாது. அடுத்தது சி.ஜி.பி.ஏ. அதை சதவீதமாக மாற்ற உங்கள் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் சூத்திரம் என்னவோ அதற்கான சான்று வேண்டும். தானாகப் பத்தால் பெருக்கிப் போட்டுவிட்டு, சரிபார்ப்பில் எண் ஒத்துவராமல் திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

சி.டி.எஸ். வழியாக வருகிறவர்கள் எழுத்துத் தேர்வில் தேறியதும் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். யு.பி.எஸ்.சி.யில் கொடுத்த அதே மின்னஞ்சல்தான் அங்கேயும். ஆபீஸ் மெயில் ஐ.டி.யை எங்கும் கொடுக்காதீர்கள். கம்பெனி மாறினால் அழைப்புக் கடிதம் யாருக்கும் போய்ச் சேராது.

இனி எஸ்.எஸ்.பி. ராணுவத்துக்கான மையங்கள் பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தரில் இருக்கின்றன. மொத்தம் ஐந்து நாள். முதல் நாளே வடிகட்டிவிடுவார்கள்: அறிவுத்திறன் சோதனை, பிறகு மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டி 4 நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். அந்தக் கதையைக் குழுவில் சொல்லி, எல்லாரும் சேர்ந்து பொதுவாக ஒரு கதைக்கு வர வேண்டும். பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும்போது அந்த இடம் மீன் மார்க்கெட் மாதிரி ஆகிவிடும். அங்கே கத்தி ஜெயிக்க முடியாது. சத்தம் தணியும் நொடியில் இரண்டே வாக்கியத்தில் ஒரு தெளிவான கருத்தை வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரைப் பேச விடுகிறவர் தப்பித்துவிடுவார். வாய் திறக்காமலே இருப்பவர் அன்று மதியமே ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் உளவியல் சோதனைகள். 11 படமும் ஒரு வெற்றுத் தாளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. பிறகு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி. அடுத்து 60 சூழ்நிலைகள், 30 நிமிடம். கடைசியில் உங்களைப் பற்றி அம்மா அப்பா, ஆசிரியர், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று 15 நிமிடத்தில் எழுத வேண்டும். கோச்சிங் சென்டர்கள் கெடுப்பது இந்த இடத்தைத்தான். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் உளவியலாளருக்கு வருடம் முழுக்கப் பார்த்துச் சலித்தவை. அதைவிட, எழுத்தில் வருகிற ஆளும் மைதானத்தில் தெரிகிற ஆளும் நேர்காணலில் பேசுகிற ஆளும் ஒரே ஆளா என்றுதான் மூன்று அதிகாரிகள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். எழுத்தில் வீராதிவீரனாக இருந்துவிட்டு மைதானத்தில் பின்வரிசையில் நின்றால் கணக்கு இடிக்கும். கோச்சிங்குக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 15 வினாடியில் ஒரு வாக்கியம் எழுதிப் பழகக் கடிகாரமும் நோட்டும் போதும்.

மைதானச் சோதனைகள்தான் ஆபீஸ் ஆட்களுக்கு மிகப் பிடித்துப்போவது. ஒரு மரக்கட்டை, ஒரு பலகை, ஒரு கயிறு கொடுத்து, தரையைத் தொடாமல் குழுவோடு ஒரு பாரத்தையும் தூக்கிக்கொண்டு கடக்கச் சொல்வார்கள். சிவப்பு வண்ணம் பூசிய பகுதியைத் தொடக் கூடாது. 4 அடிக்கு மேலான இடைவெளியைத் தாவக் கூடாது, பாலம் போட்டுத்தான் போக வேண்டும். பெரும்பாலான குழுக்கள் சிக்குவது எங்கே தெரியுமா? எல்லாரும் அக்கரைக்குப் போவதிலேயே குறியாக இருந்து, கடைசி ஆளையும் பாரத்தையும் மறந்துவிடுவார்கள். திரும்பி வந்து பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை மைதான அதிகாரி கட்டாயம் கவனிப்பார். தனிநபர் தடைகள் 10, நேரம் 3 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பு எழுதியிருக்கும். எல்லாவற்றையும் முடிக்க முடியாவிட்டால் பெரிய எண்களில் எவை அருகருகே இருக்கின்றன என்று பார்த்து ஓடுங்கள்.

மொழி பற்றிப் பலருக்குப் பயம். ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் முடிக்கலாம். குழுவில் மற்றவர்கள் இந்திக்குத் தாவுவார்கள். 'ஆங்கிலத்தில் பேசுவோம்' என்று மரியாதையாகச் சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. படைப்பிரிவுக்குப் போன பிறகு ஜவான்களோடு பேச இந்தி தேவைப்படும், அது பயிற்சியின்போதே வந்துவிடும்.

நேர்காணலில் வேலையில் இருப்பவர்களிடம் கட்டாயம் கேட்பது: இருக்கிற வேலையை ஏன் விடுகிறீர்கள்? 'ஒரே இடத்தில் உட்கார்ந்து போரடிக்கிறது' என்பது இருப்பதிலேயே மோசமான பதில், ஏனென்றால் ராணுவத்திலும் கோப்பு, கணக்கு, ஸ்டோர் ஆடிட் எல்லாம் உண்டு. உங்கள் டீமில் எத்தனை பேர், நீங்கள் செய்த வேலை கம்பெனிக்கு எதற்குப் பயன்பட்டது, கடைசியாக வந்த சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்று நோண்டுவார்கள். செய்த வேலையை ஆர்வமாக விளக்கத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகம். இருக்கிற வேலையை அரைமனதாகச் செய்துவிட்டு வந்தவர் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுவார்.

இந்தச் சேவையின் குறை ஐந்தாம் நாள் தெரியும். தேர்வாகாதவர்களுக்கு ஏன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சிபாரிசும் பணமும் செல்லாத இடத்தில், இந்த மௌனம் மட்டும் உறுத்துகிறது. வயது இருக்கும் வரை எத்தனை முறையும் திரும்ப வரலாம். குறிப்பிட்ட நுழைவுக்கு முதல் முறை வருகிறவருக்கு ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏ.சி. கட்டணம் தருகிறார்கள், டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். தேர்வானால் மருத்துவப் பரிசோதனை உடனே தொடங்கும் என்பதால் ஆபீஸில் ஐந்து நாள் விடுப்பு போதாது. பத்து நாளாவது எழுதிக்கொடுங்கள்.

மருத்துவத்தில் ஆபீஸ்காரர்களை வீழ்த்துவது பெரிய நோய் இல்லை: உயரத்துக்கு மிஞ்சிய எடை, காதில் அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, மூல நோய், காலில் நரம்புச் சுருள், தட்டைப் பாதம். பலவற்றைச் சரிசெய்துவிட்டு மேல்முறையீட்டு மருத்துவக் குழு முன் 42 நாளுக்குள் நிற்கலாம். ஆனால் எஸ்.எஸ்.பி.க்கு ஆறு மாதம் முன்பே ஒரு ஈ.என்.டி. மருத்துவரையும் கண் மருத்துவரையும் பார்த்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. லேசர் கண் சிகிச்சை செய்துகொள்வதாக இருந்தால் 20 வயது நிறைந்த பிறகு செய்து, பரிசோதனைக்கு முன் ஒரு வருடம் ஓடியிருக்க வேண்டும். பச்சை குத்தியிருந்தால் முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் மட்டுமே அனுமதி.

இப்போது கால அட்டவணை. ஏப்ரல் வாக்கில் சி.டி.எஸ். எழுதுகிறவருக்கு ஓ.டி.ஏ. பயிற்சி தொடங்குவது அடுத்த வருடம் ஏப்ரலில். செப்டம்பரில் எழுதினால் அடுத்த அக்டோபரில். நடுவே ஒரு முழு வருடம். எஸ்.எஸ்.பி.யில் 'ரெகமெண்டட்' ஆனதும் ராஜினாமா எழுதுவது பெரிய தவறு. அதற்குப் பிறகும் மருத்துவமும் மெரிட் லிஸ்டும் இருக்கின்றன. லிஸ்ட்டில் ஒரு மதிப்பெண்ணில் இடம் போனவர்கள் உண்டு. சேரும் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் வேலையை விட வேண்டும். ஆனால் 90 நாள் நோட்டீஸ் என்றால் அந்தக் கடிதத்துக்கும் சேரும் நாளுக்கும் நடுவே அவ்வளவு அவகாசம் பெரும்பாலும் கிடைக்காது. நோட்டீஸ் பணத்தைக் கட்டிவிட்டு வெளியேற இரண்டு மாதச் சம்பளத்தைத் தனியே எடுத்து வையுங்கள். பைக் லோன், பெர்சனல் லோன் இருந்தால் அந்த ஒரு வருடத்தில் அடைத்துவிடுங்கள். நடுவில் சொந்தக் காரணத்துக்காகப் பயிற்சியை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பத்திரத்திலும் கையெழுத்து வாங்குவார்கள்.

பரங்கிமலைப் பயிற்சி 49 வாரம். 1963இல் தொடங்கிய இந்த இடத்தின் அணிவகுப்பு மைதானம், இங்கே பயின்று 1987இல் இலங்கையில் உயிர்நீத்து பரம் வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரைத் தாங்கி நிற்கிறது. சேரும்போதே ஆண்களை 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓடவும், 40 தண்டால், 30 சிட்-அப், 6 புல்-அப் எடுக்கவும் பழகி வரச் சொல்கிறது அறிவிப்பு. வருடக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்த உடம்புக்கு இதில் ஆபத்து முழங்காலுக்குக் கீழேதான். கடைசி மாதத்தில் மட்டும் தினமும் ஓடிவிட்டு வருகிறவருக்குக் கீழ்க்கால் எலும்பில் நுண்முறிவு வரும். பயிற்சி தவறினால் ஒரு டெர்ம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஆறு மாதம் முன்பே வாரம் மூன்று நாள் மண் தரையில் ஓடத் தொடங்குங்கள், தூரத்தை மெல்லக் கூட்டுங்கள். புல்-அப் ஒன்றுகூட வராதவர் ஸ்டூலில் ஏறி மேலே பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் பழகினால் வந்துவிடும்.

பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. லெப்டினன்ட் ஆனதும் அதே அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவப் பணி ஊதியம் 15,500, அகவிலைப்படி, மற்ற படிகள். மூன்று வருட ஐ.டி. அனுபவக்காரருக்கு இது பெரும்பாலும் இறக்கமாக இருக்காது. கவனிக்க வேண்டியது பத்தாம் வருடம். ஷார்ட் சர்வீஸ் என்பது 10 வருடம், விரும்பினால் இன்னும் 4. ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை உண்டு. நிரந்தரப் பணி தகுதியையும் இடத்தையும் பொறுத்தே கிடைக்கும்; 2020 பிப்ரவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண்களுக்கும் அந்த வாய்ப்பு உறுதியானது. கிடைக்காவிட்டால் 35 வயதையொட்டி வெளியே வந்து மறுபடி வேலை தேட வேண்டும். அந்த வயதில் கோடிங்குக்குத் திரும்புவது கடினம். ஆட்களை நடத்துவது, சரக்குப் போக்குவரத்து, பாதுகாப்பு, நிர்வாகம் ஆகியவற்றில் கிராக்கி இருக்கிறது. எட்டாவது வருடத்திலேயே அதற்கான படிப்பைத் தொடங்க வேண்டும்.

27 தாண்டியவர்களுக்கு டெரிடோரியல் ஆர்மி என்ற பகுதிநேரப் படை இருக்கிறது. பட்டதாரியாக, 18 முதல் 42 வயதுக்குள் இருந்தால் எழுத்துத் தேர்வு, முதற்கட்ட நேர்காணல், அதே எஸ்.எஸ்.பி. என்று போகலாம். முதல் வருடம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, வருடம்தோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு வருடத்துக்குள் பரங்கிமலையில் மூன்று மாதம். இது முழுநேர வேலை இல்லை. விண்ணப்பிக்கும்போதே சொந்தமாகச் சம்பாதிக்கும் வேலையோ தொழிலோ இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் இந்த வாசலுக்கு வருகிறவர் ஆபீஸை விடவே கூடாது.