முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: பட்ஜெட் கிட்டார்கள் சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது பட்ஜெட் கிட்டார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். பளபளவென்று பெயின்ட், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் மூன்று பிக்கப், ஸ்வரத்தை வளைக்க ஒரு வாமி பார். எது சுருதியில் நிற்கிறது, எதில் விரல் சீக்கிரம் வலிக்கிறது, எதில் கேபிள் செருகும் ஜாக் ஆட ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் தினமும் வாசித்துச் சில மாதம் போனபிறகுதான் வெளியே வரும். ஸ்குவயர் சோனிக், அஃபினிட்டி, யமஹா பசிஃபிகா, ஐபனெஸ் ஜியோ, எபிஃபோன், கோர்ட் என்று இந்த விலைப் பிரிவில் நல்ல பெயர்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரே மாடலில் இரண்டு கிட்டாரை எடுத்தால்கூட இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் மாடலைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கையிலிருக்கும் அந்த ஒரு கிட்டாரைச் சோதித்து வாங்குவது முக்கியம்.

சோதனையை நெக்கிலிருந்து, அதாவது விரல் ஓடும் நீண்ட கழுத்திலிருந்து, ஆரம்பியுங்கள். பிக்கப், ஜாக், சுருதி சேர்க்கும் டியூனிங் கீ, நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட், ஸ்விட்ச் எல்லாம் பின்னால் மாற்றக்கூடியவை. முறுக்கிக்கொண்ட நெக்கை, நெக்கின் குறுக்கே சீரில்லாமல் அடித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளைச் சரிசெய்யும் கூலி, இந்த விலைக் கிட்டாருக்குக் கட்டுப்படியாகாது.

கீகள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நீளத்துக்குப் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே தளத்தில் ஓட வேண்டும். ஒரு ஓரம் மேலேறித் தெரிந்தால் நெக் முறுக்கியிருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். முன்பின் வளைவு மட்டும் இருந்தால் பயமில்லை, நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருப்பினால் சரியாகிவிடும். அடுத்து, ஆறு கம்பியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி ஃப்ரெட்வரை ஒவ்வொன்றாக அழுத்தி வாசியுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும், கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. கம்பி முழுக்க எல்லா இடத்திலும் இரைந்தால் அது செட்டப் (நெக்கின் வளைவு, கம்பி உயரம் போன்றவற்றைச் சரிப்படுத்துவது) கோளாறு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தாலோ, 7ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் 8ஆம் ஃப்ரெட்டின் ஸ்வரமே வந்தாலோ, அந்த 8ஆம் ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது. சந்தேகமிருந்தால் ஒரு பிளாஸ்டிக் கார்டின் நேரான ஓரத்தைப் பக்கத்துப் பக்கத்து மூன்று ஃப்ரெட்கள்மேல் வைத்து அசையுங்கள். சீசாபோல ஆடினால் நடு ஃப்ரெட் உயரம்.

கையை நெக்கின் ஓரத்தில் மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். காற்று வறண்டால் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. ஃப்ரெட் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். புதிதாக வாங்கும்போது வழவழப்பாக இருந்த நெக்கிலும் ஒரு வறண்ட பருவம் கடந்ததும் இது வரும். மெல்லிய அரத்தால் நுனிகளைச் சாய்வாகத் தேய்த்து எடுத்தால் போதும், பெரும்பாலும் திரும்ப வராது. அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நெக் அதிகம் தொந்தரவு தராது.

நட்: யாரும் பேசாத வில்லன்

விலை குறைந்த கிட்டார்களில் அதிகம் பழி சுமப்பது டியூனிங் கீகள். பல நேரம் அது நட் செய்த குற்றம். சுருதி சேர்க்கும்போது கீயைத் திருப்பத் திருப்ப ட்யூனர் ஊசி நகராமல், திடீரென்று "டிக்" என்று சத்தம் கேட்டு ஒரே தாவாகத் தாவுகிறதா? கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி நிற்கிறது. ஜி கம்பியில் இது அதிகம். கம்பியைத் தளர்த்தி, பள்ளத்தில் பென்சிலின் கருப்பைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் தீரும். கிராஃபைட் நல்ல மசகு. கூடவே, கம்பியைக் கீயில் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஒழுங்காகக் கீழ்நோக்கிச் சுற்றி, மாட்டியதும் மெதுவாக இழுத்து இழுத்துவிட்டு மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் சுருதியை முடிக்க வேண்டும். இவ்வளவும் செய்தபிறகும் சுருதி நிற்கவில்லை என்றால் மட்டும் கீயைச் சந்தேகப்படுங்கள்.

நட் உயரமாக இருப்பது இதைவிட மோசம், ஏனென்றால் ஆரம்பநிலையில் இருப்பவர் தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொள்வார். திறந்த கம்பிகள் ட்யூனரில் சரியாகக் காட்டும், ஆனால் எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் ஸ்வரக்கூட்டு) பிடித்தால் அபஸ்வரம். உயரமான நட்டில் முதல் ஃப்ரெட்டை அழுத்தும்போது கம்பி அதிகம் இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. சோதிக்க: 3ஆம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய காகிதம் நுழையும் அளவு மட்டும் இருக்க வேண்டும். அதைவிடத் தாராளமாக இருந்தால் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும். இதை அனுபவமுள்ளவரிடம் கொடுப்பது நல்லது. ஒரு இழுப்பு அதிகமாக அரம் போட்டால் திறந்த கம்பி இரையும், புது நட்தான் போட வேண்டியிருக்கும்.

செட்டப்

பெட்டியிலிருந்து எடுத்த பட்ஜெட் கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2.5, சிலதில் 3 மி.மீ.கூட இருக்கும். தடித்த ஈ கம்பியில் 2 மி.மீ., மெல்லிய ஈ கம்பியில் 1.6 மி.மீ. என்று இறக்கிவிட்டால் அதே கிட்டார் வேறு கிட்டார்போல ஆகிவிடும். செட்டப் செய்யாத கிட்டாரை வைத்து "இது சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்வது நியாயமே கிடையாது.

வரிசை மாறக்கூடாது: புதுக் கம்பி, பிறகு நெக்கின் வளைவு, பிறகு கம்பி உயரம், கடைசியில் இன்டோனேஷன் (மேல் ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக வரச் செய்வது). வளைவைப் பார்க்க முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தடித்த கம்பியை அழுத்திப் பிடித்து, 7 அல்லது 8ஆம் ஃப்ரெட்டின்மேல் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 0.25 மி.மீ. அளவுக்கு இருக்கலாம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லாதவர்களுக்கு ஒரு சுருக்குவழி: 10-46 என்று குறித்த கம்பி செட்டின் மிக மெல்லிய முதல் கம்பி சரியாக 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. மீந்துபோன துண்டை அந்த இடைவெளியில் செருகிப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. தாராளமாக நுழைந்தால் ட்ரஸ் ராடை வலப்பக்கம் இறுக்க வேண்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் வேண்டாம். நுழையவே இல்லை என்றால் தளர்த்த வேண்டும். சரியான அளவு ஆலன் கீ மட்டுமே பயன்படுத்துங்கள். ராடின் தலை மழுங்கிப்போனால் அந்த நெக்கின் கதை முடிந்தது.

கம்பி உயரத்தை மாற்றுவது, உடலின்மேல் கம்பிகளைப் பிடிக்கும் பிரிட்ஜில் உள்ள சேடில்களில் (கம்பியைத் தாங்கும் துண்டுகள்). அவற்றின் குட்டித் திருகுகள் ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5 மி.மீ. ஆலன் கீக்கானவை. கைவியர்வையில் முதலில் துருப்பிடிப்பது இவைதான். ஆரம்பத்திலேயே ஒரு துளி மெஷின் ஆயில் விட்டு வைத்தால் இரண்டு வருடம் கழித்தும் திரும்பும்.

இன்டோனேஷனுக்கு 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளி, இறங்கியிருந்தால் நெக் பக்கமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறை நகர்த்தியதும் மறுபடி சுருதி சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

வாமி பார் வேண்டுமா?

முதல் கிட்டாருக்கு வேண்டாம் என்பது என் கட்சி. பிரிட்ஜ் அசையாத ஹார்ட்டெயில் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். ஸ்குவயர் சோனிக் வரிசையில் ஹார்ட்டெயில் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கிட்டார்) உண்டு. டெலிகாஸ்டர் வகையும் லெஸ் பால் வகையும் பொதுவாக அசையாத பிரிட்ஜோடுதான் வரும். இரண்டு பக்கமும் கம்பியைப் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் வகையை ஆரம்பநிலையில் தவிர்த்துவிடுங்கள். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி தவறும். ட்யூனிங்கை மாற்ற நினைத்தால் ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

ஏற்கெனவே சாதாரண ட்ரெமலோ (வாமி பாரோடு அசையும் பிரிட்ஜ்) உள்ள ஸ்ட்ராட்டை வாங்கிவிட்டவர்கள் அதை அசையாமல் உட்காரவைக்கலாம். பின்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளையும் சமமாக இறுக்குங்கள். பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்வரை இறுக்க வேண்டும். மூன்று ஸ்பிரிங்கில் உட்காராவிட்டால் ஐந்தாக்கிக்கொள்ளலாம். சுருதி நிற்பதில் வரும் முன்னேற்றம் அன்றைக்கே தெரியும். பிரிட்ஜையே மாற்ற நினைப்பவர்கள் முதலில் உடலின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். மலிவு மாடல்கள் சிலவற்றில் உடல் மெல்லியதாக இருப்பதால் பிரிட்ஜின் அடியில் தொங்கும் முழு நீள உலோக பிளாக் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். கம்பிகளுக்கு இடையிலான அகலமும் பொருந்தாமல் போகலாம்.

வடிவம், நீளம், பிக்கப்

ஸ்ட்ராட் வகையில் நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை 648 மி.மீ., லெஸ் பால் வகையில் சுமார் 628 மி.மீ. நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் இடையிலான தூரத்தில் இது ஏறக்குறைய 1 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் ஒரே தடிமன் கம்பி குட்டை நீளத்தில் கொஞ்சம் தளர்வாக இருப்பதால் வளைக்க எளிது. சிறிய கைகளுக்கு இது உதவும். எடை வேறு விஷயம்: லெஸ் பால் வகை 4 கிலோவைக்கூடத் தாண்டலாம், நின்றுகொண்டு ஒரு மணி நேரம் வாசித்தால் தோள்பட்டை சொல்லும். எஸ்.ஜி. வகையில் எடை குறைவு, ஆனால் கையை எடுத்தால் தலை கீழே சாயும்.

மரம் பாப்லரா பாஸ்வுட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிக்கப்பில் மட்டும் ஒரு சிபாரிசு: பிரிட்ஜில் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில் என்ற எச்.எஸ்.எஸ். அமைப்பு. சிங்கிள் காயில் மின்சார இரைச்சலை வாங்கிக்கொள்ளும், டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் அது பெரிதாகக் கேட்கும். ஹம்பக்கரில் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் அந்த இரைச்சலை ஒன்றையொன்று அடித்துவிடும். பசிஃபிகா 112வி-யில் டோன் நாபை இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும், இரண்டு விதமும் ஒரே கிட்டாரில் கிடைக்கிறது. பிக்கப்பை மாற்றும் முன் அதன் உயரத்தை மாற்றிப் பாருங்கள். சிங்கிள் காயிலைக் கம்பிக்கு மிக நெருக்கமாக ஏற்றினால் காந்தம் கம்பியை இழுக்கும், மேல் ஃப்ரெட்களில் ஸ்வரம் தளும்பும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ., தடித்த பக்கம் 2.5 முதல் 3 மி.மீ. இடைவெளியில் ஆரம்பிக்கலாம்.

எது முதலில் பழுதாகும்?

ஜாக். சந்தேகமே வேண்டாம். ஜாக்கைப் பிடித்திருக்கும் திருகுமரை தளர்ந்து ஜாக் சுற்ற ஆரம்பிக்கும். வெளியிலிருந்தே ஸ்பேனர் போட்டு இறுக்கினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று ஒயர் முறுக்கி அறுந்துபோகும். தகட்டைக் கழற்றி, ஜாக்கை உள்ளிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும்.

அடுத்து வால்யூம் கன்ட்ரோலில் கரகரப்பு. இருபது முப்பது முறை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திருப்பினாலே பாதி போகும். மீதிக்கு எலெக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. ஸ்விட்சுக்கும் அதேதான். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் ஒழுங்காக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கும். ஸ்ட்ராப் பட்டனின் திருகு பிடிமானம் இழந்தால், துளையில் மரப் பசை தடவிய பல்குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் திருகுங்கள்.

தினமும் வாசிப்பவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் பி, ஜி கம்பிகளுக்கு அடியில் முதல் ஐந்து ஃப்ரெட்களில் பள்ளம் தெரிய ஆரம்பிக்கும். லேசான பள்ளத்தைத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

ஆம்பும் கேபிளும்

கையிலிருக்கும் பணம் முழுவதையும் கிட்டாரில் போட்டுவிட்டு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் நிற்பவர்கள் நிறைய. மூன்றில் ஒரு பங்கையாவது ஆம்ப், கேபிள், செட்டப் கூலிக்கு ஒதுக்குங்கள். வீட்டுக்கு 10 முதல் 20 வாட் போதும், ஹெட்ஃபோன் வசதி இருக்க வேண்டும், ஸ்பீக்கர் 8 அங்குலம் இருந்தால் கிட்டார் கிட்டார்போல ஒலிக்கும். கிட்டாரோடு சேர்த்து விற்கும் கிட்களில் பலவீனமானது பொதுவாக அந்த ஆம்ப்தான்.

ஆம்புக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வழியில் போகிறவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிட்டார் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவிலான உயர்ந்த இன்புட் தடை வேண்டும். மைக் அல்லது லைன் இன்புட்டில் செருகினால் மேல் ஸ்தாயி அமுங்கி ஒலி மங்கிப்போகும். கேபிள் 3 மீட்டர் போதும். பிளக்கின் மூடி திருகிக் கழற்றக்கூடியதாக இருந்தால் ஒயர் விட்டுப்போனாலும் சால்டர் செய்து தொடரலாம், வார்ப்பு பிளக் என்றால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பழைய கிட்டார் வாங்குவதானால் மேலே சொன்ன சோதனைகளோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பாருங்கள். லெஸ் பால் வகையில் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் நட்டுக்குப் பின்புறம்தான் உடையும். அந்த இடத்தில் மயிரிழைக் கீறலோ, பெயின்ட் நிறம் லேசாக மாறியிருப்பதோ தெரிந்தால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒட்டிய கிட்டாருக்கான விலையைப் பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.