மிதக்கும் நீர் வெப்பமானி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த எனக்கு, ஈரோட்டில் மருத்துவக் கருவிகள் விற்கும் கடையொன்றில் வாங்கிய இந்தச் சிறிய டிஜிட்டல் வெப்பமானி, சக்கர நாற்காலிக்கு அடுத்தபடியாக இன்றியமையாத பொருளாகிவிட்டது. எங்கள் ஊரில் இன்றும் விறகடுப்பில் நீர் காய்ச்சி விளாவுவதே வழக்கம். சென்ற மார்கழியில் அவசரமாக விளாவிய நீர் என் வலது பாதத்தைக் கொப்புளமாக்கியதை, துவட்டும்போதுதான் கண்டேன். 60 டிகிரி செல்சியஸ் நீர் ஏறத்தாழ 5 விநாடிகளிலும், 49 டிகிரி நீர் சுமார் 5 நிமிடங்களிலும் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும் என்பதால், வலி தெரியாதவர்கள் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

கருவி சில விநாடிகளில் அளவைக் காட்டுகிறது. 37 அல்லது 38 டிகிரியைக் கண்ட பிறகே ஊற்றிக்கொள்கிறேன். சூடான நீர் மேலே நிற்குமாதலால், நன்றாகக் கலக்கிவிட்டுப் பார்ப்பது அவசியம். அம்மா இப்போதும் முழங்கையை நனைத்துப் பார்க்கிறார். அதை நான் தடுப்பதில்லை.

எழுத்துகள் மிகச் சிறியவை. எச்சரிக்கை ஒலியும் இல்லை. வெந்நீர்ப் பை, வெயிலில் காய்ந்த நாற்காலியின் இரும்புப் பகுதி ஆகியவற்றை இதனால் சோதிக்க இயலாது; ஒத்தடத்தை நான் முற்றிலும் கைவிட்டுவிட்டேன். விலைக்கு இது தகுதியானதே.