நெரிசல் அலையை அளக்க லூப்பா, கேமராவா?

விபத்து இல்லை, சிக்னல் இல்லை, ஆனாலும் வண்டிகள் நின்று நின்று நகரும். முன்னால் ஒருவர் லேசாக பிரேக்கைத் தொட, பின்னால் வருபவர் கொஞ்சம் கூடுதலாக அழுத்த, அது வளர்ந்துகொண்டே பின்னோக்கிப் போகிறது. இந்த நெரிசல் அலையை அளக்க எங்கள் கல்லூரி புராஜெக்டில் மூன்று வழிகளைப் பார்த்து, கடைசியில் கேமராவை எடுத்துக்கொண்டோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

சாலைக்குள் புதைக்கும், மேலே போகும் வண்டியை உணரும் கம்பிச் சுருளான லூப் டிடெக்டர் மழைக்கும் இருட்டுக்கும் அசராது, வருடம் முழுக்கத் தரவு தரும். நம் ஊரில் தடம் பார்த்து யாரும் ஓட்டுவதில்லை என்பதால் பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு பைக்குகளை அது ஒன்றாக எண்ணிவிடலாம். அது கிடக்கட்டும், லூப்பிலிருந்து என்னைத் திருப்பியது, அதன் தரவைக் குறிப்பிட்ட நேரத்துக்குச் சேர்த்து எடுக்கும் சராசரிதான். 2008இல் வெளியான ஜப்பானியச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்: 230 மீட்டர் வட்டப் பாதை, 22 கார்கள், எல்லோரையும் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகச் சொல்லியும் தானாகவே நெரிசல் உருவாகி, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரில் பின்னோக்கி நகர்ந்தது. கணக்குப் போட்டால் ஒரே இடத்தை அது ஏறத்தாழ 41 விநாடிக்கு ஒருமுறை கடக்கும். அங்கே ஒரு லூப் வைத்து 5 நிமிடச் சராசரி எடுத்தால் ஏழு அலைகளும் கரைந்து ஒரே வேகமாகத்தான் தெரியும். மெதுவாக ஆனால் சீராக ஓடும் சாலைக்கும் அதே எண் வரலாம். 30 விநாடியாகக் குறைத்தாலும் ஓர் அலைக்கு இரண்டு புள்ளிகூடத் தேறாது.

வண்டிக்கு வண்டி மூலப் பதிவு கிடைத்தால் லூப்பிலும் ஏற்ற இறக்கம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் ஏற்ற இறக்கம் வேறு, நிலையின்மை வேறு. முதல் கார் 5 கிலோமீட்டர் வேகம் குறைத்தபோது பத்தாவது கார் 20 குறைத்ததா, 3 குறைத்ததா? வளர்கிறதா, அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு வரிசையாக வரும் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தொடர வேண்டும். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் ஆய்வாளர்கள் வீடியோவிலிருந்து வண்டிகளின் பாதைகளைப் பிரித்தெடுத்ததும் அப்படித்தான்.

கேமராவில் உழைப்பு அதிகம். இடத்தில் 20 சென்டிமீட்டர் பிழை வந்தாலே, 0.1 விநாடி இடைவெளியில் அது மணிக்கு 7 கிலோமீட்டர் வேகப் பிழையாகிவிடும். பக்கத்துப் புள்ளிகளோடு சராசரி எடுத்து மென்மையாக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் அதிகம் மென்மையாக்கினால் அலையே காணாமல் போகும். எங்களுக்கு ஒரு விநாடி அகலம் ஒத்துவந்தது. இரவில் நாங்கள் எடுத்துப் பார்க்கவில்லை.

ஜிபிஎஸ்ஸை இரண்டு பைக்குகளில் மட்டும் முயன்றோம், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். சுற்றியிருக்கும் வண்டிகள் பதிவாகாததால் எங்களுக்கு உதவவில்லை.

அப்புறம், கேமராவுக்கு உயரமான இடமாகப் பாருங்கள், இல்லையென்றால் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்குகள் மறைந்துவிடும். 250 மீட்டராவது தெரியட்டும். அந்தத் தூரத்தை அலை 45 விநாடியில் கடந்துவிடும், அதற்கும் குறைந்தால் வளர்ச்சியைப் பார்ப்பதற்குள் அது சட்டகத்தைத் தாண்டிவிடும்.