செல் போடும் வாட்ச்சா, ஆட்டோமேட்டிக்கா?

போன வருடம் பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் பழைய வாட்ச் நின்றுபோனது. செல் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் பின்மூடியைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த லென்ஸை என்னிடமே நீட்டினார். செல்லைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளை, அதன் ஓரத்தில் பச்சை. பக்கத்தில் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் (அதுதான் காயில்), அதிலும் பச்சை ஏறியிருந்தது. "காயில் போச்சு சார். மெஷினே மாத்தணும், அதுக்குப் புதுசு வாங்கிடலாம்" என்றார்.

தேர்வு அறை மேற்பார்வைக்குப் போகிற எனக்கு வாட்ச் இல்லாமல் முடியாது. தேர்வு அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. 10 மணிக்கு வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம், 10.15-க்கு எழுத ஆரம்பித்தால் கடைசி அரை மணி நேரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை "எவ்வளவு நேரம் சார் இருக்கு?" என்று கேட்காமல் இருக்காது. அதனால் ஸ்மார்ட் வாட்ச்சை யோசிக்கவே இல்லை. கேசியோ எஃப்-91டபிள்யூ நல்ல டிஜிட்டல் வாட்ச், 1989-லிருந்து வருகிறது, செல் ஏழு வருடம் தாங்கும் என்கிறார்கள். ஆனால் எனக்கு முள் வேண்டும். மீதி நேரம் முள்ளுக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளியாகக் கண்ணில் தெரியும், மனக்கணக்குப் போட வேண்டாம்.

ஆக மிஞ்சியது இரண்டு: மறுபடியும் செல்லில் ஓடும் ஒரு குவார்ட்ஸ், இல்லையென்றால் செல்லே இல்லாமல் கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். செல் ஒழுகி ஒரு வாட்ச் போனவனுக்கு ஆட்டோமேட்டிக்கில்தானே ஆசை வரும்? எனக்கும் வந்தது. மச்சானிடம் ஒன்று இருந்தது, அதை வாங்கி இரண்டு மாதம் கட்டிப் பார்த்தேன். விநாடி முள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிற அழகே தனி. பின்பக்கக் கண்ணாடி வழியாக அரைவட்டத் தகடு சுழல்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அப்புறம்தான் அன்றாடச் சிக்கல்கள். வெள்ளி சாயங்காலம் கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கும், முழுதாகச் சாவி ஏறியிருந்தாலும் அது 40 மணி நேரம்தான் ஓடும். அந்த மாடலில் கையால் சாவி கொடுக்க முடியாது, ஆட்டித்தான் கிளப்ப வேண்டும். தேதியை ராத்திரி 9 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் நடுவில் மாற்றக் கூடாது, உள்ளே தேதிப் பல்சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு நாளைக்குப் பதினைந்து விநாடி முந்தியது. இந்த விலை ஆட்டோமேட்டிக்குக்கு அது நல்ல ஓட்டம்தான், ஆனால் நான்கு நாளில் ஒரு நிமிடம் ஆகிறதே. குவார்ட்ஸில் மாதத்துக்கே பதினைந்து இருபது விநாடிதான் முன்பின் ஆகும். உள்ளே இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது, அதைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு வரும், அதைத்தான் முள் குதிப்பாகப் பார்க்கிறோம்.

இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். என்னைத் திருப்பியது பராமரிப்பு. ஆட்டோமேட்டிக்கை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்து, கழுவி, புது எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் காய்ந்த பிறகும் ஓடும், ஆனால் பற்கள் தேயும். அந்தக் கடை அண்ணனிடமே விசாரித்தேன். "நான் பிரிப்பேன் சார், ஆனா பார்ட்ஸ் கிடைக்கணுமே, சென்னைக்கு அனுப்பறதுதான் நல்லது" என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்ன செலவு மச்சான் வாட்ச் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் வெறுங்கையோடு இருப்பது தனி.

சரி, குவார்ட்ஸில் செல் ஒழுகாதா? ஒழுகும். ஆனால் அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. எனக்கு நடந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அதற்கு முன்பு ஒருமுறை வாட்ச் நின்ற பிறகும் மாதக்கணக்கில் மேசைக்குள் போட்டு வைத்துவிட்டு, மறுபடி கட்டும்போது செல் மட்டும் மாற்றினேன், தீர்ந்த செல்தான் சீக்கிரம் ஒழுகும். இரண்டு, மாற்றும்போது என்ன செல் என்று பார்க்கவில்லை. ஒரே அளவில் இரண்டு ஜாதி உண்டு: எஸ்.ஆர். 626 என்று போட்டிருந்தால் சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட், தீரும்வரை மின்னழுத்தம் பெரிதாக இறங்காது. எல்.ஆர். 626 என்றால் அல்கலைன், விலை குறைவு, ஒழுகும் வாய்ப்பு அதிகம். உங்கள் வாட்ச்சுக்கு எந்த எண் என்று தெரிந்துகொண்டு, எஸ்.ஆர்.-ஆ எல்.ஆர்.-ஆ என்று பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். நான் கொடுத்தது நூற்றைம்பது ரூபாய், இரண்டு மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை. பின்மூடியின் உட்பக்கம் தேதியைக் கீறி வைக்கச் சொன்னால் நல்ல கடைக்காரர் செய்து தருவார்.

மூடியைத் திறந்தால் ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது நசுங்கியிருந்தால் வேர்வையே உள்ளே போய்விடும். டயலில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பது கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்குத்தான், நீச்சலுக்கு 100 மீட்டர் போட்டதாகப் பாருங்கள்.

நான் வாங்கியது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு, வெள்ளை டயல், பன்னிரண்டு எண்ணும் முழுதாக எழுதியது, தோல் ஸ்ட்ராப். நம் வெயிலுக்குத் தோல் ஒரு கோடையைத்தான் தாங்கியது, இப்போது துணி ஸ்ட்ராப் மாட்டியிருக்கிறேன். வாட்ச்சில் ஒரு வருடமாக ஒரு குறையும் இல்லை.

ஆட்டோமேட்டிக்கை நான் கட்டியது இரண்டே மாதம், பத்து வருடம் கட்டியவர் சொல்வது வேறாக இருக்கலாம். ஊரில் நல்ல மெக்கானிக் இருந்து, தினமும் கழற்றாமல் கட்டுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் எச்எம்டி பழைய சாவி வாட்ச் வாங்க நினைப்பவர்கள் மட்டும் கவனம். 1961-ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டில் தொடங்கிய தயாரிப்பு அது, எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் முடிவெடுத்துவிட்டார்கள். ஆன்லைனில் பளபளவென்று வருவதில் பல, டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, வேறு வேறு வாட்ச்சின் பாகங்களைச் சேர்த்தவை. எழுத்துகள் தடித்து, ஓரம் பிசிறியிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெஷினின் படத்தை அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.