பெர்க்லியா, யூசிஎல்ஏவா?

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் (பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடம் படிக்கும் உள்ளூர்க் கல்லூரி) முடித்துவிட்டு, மீதிப் பட்டப்படிப்பில் பொருளாதாரம் படிக்க பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ்) என்ற இந்த இரண்டு பல்கலைக்கழகங்களில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வெளிநாட்டு மாணவர்களுக்காக இது.

செலவு: இரண்டும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் என்ற ஒரே அரசுப் பல்கலைக்கழகக் குடும்பம். வெளிநாட்டவருக்கான கூடுதல் கட்டணம் இரண்டிலும் உண்டு. இதை வைத்து முடிவெடுக்க முடியாது.

கால அளவு: இங்கேதான் விஷயமே. பெர்க்லியில் செமஸ்டர், சுமார் 15 வாரம்.
யூசிஎல்ஏவில் குவார்ட்டர், 10 வாரம்தான். நான்காவது வாரமே மிட்டெர்ம் (இடைத்தேர்வு) வந்து நிற்கும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போச்சு. அப்புறம், பெர்க்லி மே நடுவில் முடிந்துவிடும், யூசிஎல்ஏ ஜூன் நடுவில்தான். ஜூன் முதல் வாரமே இன்டர்ன்ஷிப் தொடங்கினால் இடிக்கும்.

பாடம்: பெர்க்லியில் ஆராய்ச்சி வாசனை தூக்கல். குறைந்தபட்சக் கூலி ஆய்வுகளுக்குப் பேர்போன, 2021 நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் டேவிட் கார்ட் பெர்க்லியைச் சேர்ந்தவர்தான்.
யூசிஎல்ஏவில் பிசினஸ் எகனாமிக்ஸ் என்று தனி மேஜரே (முதன்மைப் பாடம்) உண்டு.

பிஎச்டி கனவு என்றால் பெர்க்லி. கணக்கியல், நிதித்துறை வேலை என்றால், வேகத்தைத் தாங்குவீர்கள் என்றால், யூசிஎல்ஏ. எதுவானாலும் மேஜரின் சிஐபி எண்ணை (அமெரிக்க அரசு ஒவ்வொரு படிப்புக்கும் தரும் வகை எண்) கேட்டுவிடுங்கள். 45.0603 என்றால் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் சேரும்; ஓபிடி (படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதத்துக்கு மேல் இன்னும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம்.