மாதிரிப் பதிவைப் பிரதி எடுக்கும் மென்பொருள்: காசு கொடுக்குமுன் இதைப் பாருங்கள்

திருகோணமலையில் சிறிய நீர் ஆய்வுகூடம் ஒன்று நடத்துகிறேன். என்னோடு இரண்டு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். நிலாவெளி, உப்புவெளி விடுதிக் கிணறுகள், சாம்பல்தீவுத் தோட்டக் கிணறுகள் என்று மாதாமாதம் வரும் மாதிரிகள்தான் எங்கள் சீவியம். போன டிசம்பரில் கொழும்புக் கொம்பனி ஒன்றிடம், மாதிரிகளின் விவரங்களையும் பெறுபேறுகளையும் பதிந்து அறிக்கை தரும் ஆய்வுகூட மென்பொருள் வாங்கினோம். 3 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாய், அதற்குமேல் வருடப் பராமரிப்புக் கட்டணம். அந்த மென்பொருளால் ஒரு பிழையான அறிக்கை என் கையெழுத்தோடு வெளியே போனது. எங்களைப் போன்ற சிறு ஆய்வுகூடங்கள் வேறும் இதை வாங்க யோசிப்பதாகக் கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

பிரதி எடுக்கும் வசதி எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரே விடுதி, ஒரே கிணறு, ஒரே பரிசோதனைகள். ஒவ்வொரு மாதமும் வாடிக்கையாளர் பெயர், விலாசம், மாதிரி எடுத்த இடம், செய்ய வேண்டிய பரிசோதனைகள் என்று பதினைந்து பெட்டிகளை நிரப்ப வேண்டும். போன மாதப் பதிவைப் பிரதி எடுத்துத் திகதியை மட்டும் மாற்றினால் வேலை சுருங்கும். இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நல்ல மென்பொருளில் பிரதி என்றால் வாடிக்கையாளர், இடம், பரிசோதனைப் பட்டியல் ஆகியவை மட்டும் புதிய பதிவுக்கு வரும். மாதிரி இலக்கம் புதிதாக விழும். எடுத்த நேரம், பெற்ற நேரம், பெறுபேறுகள், பரிசோதித்தவர் பெயர், அங்கீகாரம் எல்லாம் வெறுமையாக நிற்கும்.

விற்க வந்தவரிடம் அன்றைக்கே கேட்டேன். "இருக்கு மிஸ், ஒரு கிளிக்" என்று சொல்லிச் செய்தும் காட்டினார். திரையில் புதிய இலக்கத்தோடு புதிய பதிவு வந்தது, பெறுபேற்றுப் பெட்டிகள் வெறுமையாக இருந்தன. எனக்குத் திருப்தி. அவர் பிரதி எடுத்தது அப்போதுதான் பதிந்த, ஒரு பெறுபேறும் ஏறாத மாதிரி ஒன்றை என்பதை நான் கவனிக்கவில்லை. வெறும் பதிவைப் பிரதி எடுத்தால் பிரதியும் வெறுமையாகத்தானே இருக்கும்.

நிலாவெளி விடுதி ஒன்றுக்கு ஜனவரியில் போட்ட பதிவைத்தான் எங்கள் பிள்ளை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு மாதமும் பிரதி எடுத்து வந்தார். பெறுபேறுகளும் சேர்ந்தே வந்தன. அவர் அவற்றின்மேல் புதிய எண்களை அடித்துக்கொண்டு போனார், அதனால் ஜூன் வரை ஒரு பிரச்சினையும் தெரியவில்லை. அது மென்பொருளின் வழக்கம் என்றே நினைத்தாராம். என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, நானும் அவர் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை.

ஜூலையில் வெள்ளி நைத்திரேற்று முடிந்துவிட்டது. கிணற்று நீரில் குளோரைட்டு, அதாவது உப்புத்தன்மையைக் காட்டும் கூறு, அளக்க அதுதான் வேண்டும். பொற்றாசியம் குரோமேற்றைக் காட்டியாகப் போட்டு, மஞ்சள் நிறம் செங்கபிலமாகத் திரும்பும் வரை துளித்துளியாக விடுவோம். கொழும்பிலிருந்து புதுப் போத்தல் வரப் பிந்தியதால் மற்றப் பரிசோதனைகளை முடித்து, குளோரைட்டை மட்டும் பிறகு செய்வோம் என்று வைத்தோம். பழைய எக்செல் காலத்தில் செய்யாத பரிசோதனையின் கட்டம் வெறுமையாக நிற்கும், வெறுமை கண்ணில் குத்தும். இங்கே அந்தப் பெட்டியில் ஜனவரியில் அளந்த குளோரைட்டு எண் 118 இருந்தது. எல்லாப் பெட்டியும் நிரம்பியிருந்ததால் மென்பொருள் பதிவை 'முடிந்தது' என்று காட்டியது. நானும் கையெழுத்திட்டேன். போத்தல் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அது என் பிழை, அதை யார் தலையிலும் போடப்போவதில்லை.

விடுதிக்கார ஐயா நாலாம் நாள் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, தண்ணி வாயில வைக்கேலாமல் கரிக்குது, உங்கட றிப்போட்டில மாரிகாலக் கணக்கு நிக்குது" என்றார். ஜனவரி அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

அவர் சொன்னதன் பாரம் இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஜனவரியில் கிணறு நிறைந்து நல்ல தண்ணீர் நிற்கும். ஜூலையில் மழையும் இல்லை, விடுதிகளில் ஆட்கள் நிறைந்து பம்ப் ஓயாமல் ஓடும். மணலுக்குள் மிதக்கும் நன்னீர் மெலிய மெலிய, கடல்நீர் கீழிருந்து ஏறும். ஜனவரி எண்ணும் ஜூலை எண்ணும் ஒன்றாக இருக்கவே முடியாது. போத்தல் வந்ததும் புதிய மாதிரி எடுத்துச் செய்தோம். லீட்டருக்கு 436 மில்லிகிராம். 250ஐத் தாண்டினாலே நாக்குக்குத் தெரியத் தொடங்கும். உப்பு இன்னும் கூடியிருந்த கிணறாக இருந்து, எங்கள் அறிக்கையை நம்பி யாராவது சமையலுக்கு ஊற்றியிருந்தால் என்று நினைக்கவே மனம் பதறுகிறது. இதே பொத்தானில் ஈ.கோலி பெறுபேறும் பிரதியாகி வரும். 100 மில்லிலீட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாத கிருமி அது. பழைய 'இல்லை' ஒன்று புதிய அறிக்கையில் ஏறியிருந்தால் குடித்தவர்கள் நோயாகிப் படுக்கும் வரை யாருக்கும் தெரிந்திராது.

கொம்பனிக்கு எடுத்தேன். பிரதி என்றால் எல்லாம்தான் பிரதியாகும், அது வடிவமைப்பு, பெறுபேறுகளை விட்டுவிட வேண்டுமானால் மேலதிக வேலை, மேலதிகக் கட்டணம் என்றார்கள். யார், எப்போது, எதை உள்ளிட்டார் என்று மென்பொருள் வைத்திருக்கும் மாற்றப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். 118 என்ற எண் எங்கள் பிள்ளையின் பெயரில், அவர் ஜூலையில் உள்ளிட்டதாக நின்றது. எந்தப் பதிவிலிருந்து பிரதியானது என்ற சுவடே இல்லை. அவர் அடிக்காத எண்ணுக்கு அவரைச் சாட்சியாக்கி வைத்திருக்கிறது மென்பொருள். என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான்.

ஆய்வுகூடங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025 பற்றியும் பேச்சு வந்தது. சந்தையில் பொதுவாகப் பாவிக்கும் மென்பொருளை அதன் எல்லைக்குள் பாவித்தால் போதிய அளவு செல்லுபடியாக்கியதாக, அதாவது சரியாக வேலை செய்கிறது என்று சோதித்து உறுதிப்படுத்தியதாக, கொள்ளலாம் என்று 2017 பதிப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது, அதைக் காட்டினார்கள். உண்மைதான். ஆனால் அதே பிரிவில், அமைப்பில் எந்த மாற்றம் செய்தாலும் பாவனைக்கு முன் அங்கீகரித்து, ஆவணப்படுத்தி, செல்லுபடியாக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் படிவங்களுக்கு ஏற்ப மென்பொருளை மாற்றித் தந்தது அவர்களேதான். அதைச் சோதித்ததற்கு ஒரு தாள்கூடத் தரவில்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. 'டூப்ளிகேட்' என்று ஆய்வுகூடத்தில் நாங்கள் சொல்வது வேறு. பத்து மாதிரிக்கு ஒன்றை இரண்டு தடவை பரிசோதித்து, இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்ப்போம், எங்கள் கை சரியா என்பதற்கு அதுதான் சான்று. இந்த மென்பொருளில் அதற்கும் அதே பொத்தான். இரண்டாம் தடவை பரிசோதிப்பவருக்கு முதல் எண் பெட்டிக்குள்ளேயே தெரியும். துளித்துளியாக விடும் அளவுக்குழாயான பியூரெட்டில் முதல் தடவை 8.4 என்று தெரிந்துகொண்டு நிற்பவரின் கண், எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும், 8.4 பக்கம்தான் சாயும். சில மாதங்களாக எங்கள் இரட்டைப் பரிசோதனைகள் அபாரமாக ஒத்துப்போனதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். இப்போது அந்த எண்கள் ஒன்றையும் என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே யாராவது மென்பொருள் காட்ட வந்தால், அவர் கொண்டுவரும் உதாரணத்தை ஏற்காதீர்கள். பெறுபேறு ஏறி, அங்கீகரித்து, அறிக்கையும் போன ஒரு பதிவை நீங்களே தெரிந்தெடுத்து, உங்கள் கண்முன்னால் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். புதிய பதிவில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பாருங்கள். திகதியையும் நேரத்தையும் விடாதீர்கள், நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்த நேரமே உயிர். மாற்றப் பதிவேட்டில் மூலப் பதிவின் இலக்கம் வருகிறதா என்று கேளுங்கள். ஒரு பரிசோதனையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டு, அறிக்கை வெளியே போகிறதா என்று முயன்று பாருங்கள். இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு முற்பணம் கொடுங்கள். நாங்கள் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிட்டோம்.

ஜனவரியிலிருந்து போன எல்லா அறிக்கைகளையும் கையெழுத்துக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு வாரம் பிடித்தது. குறிப்பேட்டில் இல்லாத எண்கள் இன்னும் மூன்று அறிக்கைகளில் இருந்தன. அந்த வாடிக்கையாளர்களிடம் நேரில் போய்ச் சொல்லி, இலவசமாகத் திரும்பப் பரிசோதித்து, பழைய அறிக்கையின் இலக்கத்தைக் குறிப்பிட்டுப் புதிய அறிக்கை கொடுத்தோம். ஒருவர் இனி எங்களிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நிலாவெளி ஐயா இந்த மாதமும் தண்ணீர் அனுப்பியிருக்கிறார். அந்த மாதிரியைப் பிரதி எடுக்காமல், பதினைந்து பெட்டிகளையும் நானே இருந்து அடித்தேன்.